நெய்வேலியும் யந்திரம் காக்கும் தொழிலும்

ஒரு காரியத்தைத் தொடங்கினோர் பெயரை உலகம் நினைவிற் கொள்ளுகின்றது. அதனை நாடோறும் கெடாது காப்போர் பெயரை உலகம் கேட்பதேயில்லை. கோயில் எடுப்பித்த மன்னன் பெயர் கல்லில் இருக்கும். அக்கோயில் விமானத்தில் ஆலஞ்செடி முளைக்குந்தோறும் ஏறிப் பிடுங்கி எறிந்தவன் பெயர் எங்கும் இராது. ஆயினும் செடி பிடுங்குவோன் இல்லையேல் விமானமும் நில்லாது, கல்லும் நில்லாது, மன்னன் பெயரும் நில்லாது. இவ்வுண்மையை நம் சங்கத்து அன்பர்கள் கண்கூடாகக் காணத்தக்க ஊர்கள் இரண்டு கடலூர் ஜில்லாவில் ஒன்றற்கொன்று அண்மையில் உள்ளன. ஒன்று வடலூர், மற்றொன்று நெய்வேலி.

வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ம் வருஷத்தில் சத்திய தருமச்சாலையை நிறுவி, பசித்து வருவோர்க்கெல்லாம் அன்னமிட அடுப்பு மூட்டினார். அவ்வடுப்பு அன்று முதல் இன்றுவரை அணையாது எரிகின்றது. நாடெங்கும் இதனை ஓர் அதிசயமாகச் சொல்லுவார்கள். அதிசயந்தான், ஆனால் நெருப்பு தானே எரிந்து நிற்பதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் விறகு சேர்த்து வைத்தார். யாரோ ஒருவர் சாம்பல் வாரினார். யாரோ ஒருவர் இரவில் விழித்திருந்தார். மூட்டியவர் பெருமை ஒரு பங்கு. காத்தவர் உழைப்பு மற்றொரு பங்கு.

வடலூரிலிருந்து சிறிது தூரம் சென்றால் நெய்வேலி. அங்கும் ஒரு பெருநெருப்பு எரிகின்றது. அதனைக் காப்போர் யந்திரப் பராமரிப்பு இஞ்சினீயர்களும், அவர்களோடு உழைக்கும் பிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் முதலிய தொழிலாளரும் ஆவர். நெய்வேலியின் வரலாற்றைச் சொல்லுவோர் நிலக்கரி கண்ட கதையையும் திறப்பு விழாக்களையும் சொல்லி முடித்துவிடுகின்றனர். காத்தவர் கதையையும் உடன் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

நிலக்கரி கண்ட வரலாறு

1934, 1935-ம் வருஷங்களில், நெய்வேலிப் பக்கத்து நிலச்சுவான்தார் ஸ்ரீமான் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஊற்றுக் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கருநிறமான ஒரு பொருள் வெளிவந்தது. வேறொருவராயின் கிணறு கெட்டதே என்று வருந்தி மூடியிருப்பர். முதலியாரோ அஃது இன்னதென அறிய விரும்பிச் சர்க்காருக்குத் தெரிவித்தார். பின்னர் 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையார் பல இடங்களிற் துளையிட்டுப் பார்த்து, பூமிக்கடியிற் பெரும்பரப்பிற் பழுப்பு நிலக்கரி கிடப்பதை உறுதி செய்தனர்.

உண்டு என்று அறிவது வேறு. எடுக்க முடியும் என்று அறிவது வேறு. 1953-ம் வருஷத்திற் சோதனைச் சுரங்கம் ஒன்று வெட்டிப் பார்த்தனர். பவல் டப்ரின் என்னும் ஆங்கிலக் கம்பெனியாரும் ஆராய்ந்து யோசனை கூறினர். காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவு செய்யப்பெற்றது. 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 2016 முதல் அந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்னும் பெயரால் வழங்குகின்றது.

தொடக்க விழா நடந்த நாளில் நிலக்கரி கண்ணுக்குத் தென்படவில்லை. அதன் முகம் வெளிப்பட்டது 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில். இடையிற் கழிந்த நான்கு வருஷங்களும் இரண்டு பகைவரோடு போரிட்ட காலம். ஒரு பகைவன் கல். மற்றொரு பகைவன் நீர்.

கல்லும் நீரும்

நெய்வேலியில் நிலக்கரியின் மேல் ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட கனத்தில் மண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. ஒரு டன் நிலக்கரி பெற ஐந்து கன மீட்டருக்கு மேல் மண் அகற்ற வேண்டும். மண்வெட்டியும் கூடையும் இதற்குப் பயன்படா. ஆகையால் ஜெர்மனி தேசத்திலிருந்து சக்கர வெட்டு யந்திரங்களை வருவித்தனர். பெரியதொரு சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிலும் வாளிகள், ஒவ்வொரு வாளியின் வாயிலும் உருக்குப் பற்கள். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சுரண்டி, ஓடும் பெல்ட்டின்மேற் கொட்டும். அவ்வாறு கொட்டிய மண் பெல்ட்டுகளின் வழியே நெடுந்தூரம் சென்று, நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் மீண்டும் பரப்பப்படும்.

இவ்யந்திரங்கள் தம் தேசத்து மென்மையான மண்ணுக்கென்று செய்யப்பட்டவை. நெய்வேலியின் மணற்பாறையோ அரம்போல் அராவுவது. உருக்குப் பற்கள் விரைவில் தேய்ந்து மழுங்கின. பல் மழுங்கினால் யந்திரம் முக்கும். முக்கினால் மோட்டார் சூடேறும். அதன் அதிர்ச்சி உடம்பெங்கும் பரவிப் பற்ற வைத்த இடங்களிலெல்லாம் விரிசல் காணும். அக்காலத்துப் பராமரிப்பு இஞ்சினீயர்கள் செய்தது யாது? பாறையை முன்னதாக வெடி வைத்துத் தளர்த்தும் முறையைச் சுரங்கத்தார் கைக்கொண்டனர். பற்களின் முனையிற் கடினமான உலோகத்தைப் பற்றவைத்து அவற்றின் ஆயுளை நீட்டினர். மழைக்காலத்திற் களிமண் வாளியில் ஒட்டிக்கொண்டு விழாது நின்றபோது அதற்கும் உபாயம் தேடினர். யந்திரத்தோடு வந்த புத்தகம் ஜெர்மன் மண்ணை அறியும். நெய்வேலி மண்ணை அறியாது. அப்புத்தகத்தில் இல்லாத பக்கங்களை எழுதியவர் நம் நாட்டுத் தொழிலாளரே.

இனி நீரைக் கவனிப்போம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கின்றது. அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை. அதாவது அறுபது முதல் எண்பது மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுவதற்கு ஒப்பாகும். மேலே கிடக்கும் மண்ணின் பாரம் உள்ளவரையில் அந்நீர் அடங்கிக் கிடக்கும். மண்ணை எடுத்துவிட்டாலோ, அடித்தளம் பிளந்து நீர் பொங்கிச் சுரங்கம் முழுவதையும் மூழ்கடித்துவிடும். இது நேராதிருக்கச் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கின்றனர். சுரங்கம் உள்ளளவும் இவ்விறைப்பு நிற்றலாகாது. தீபாவளியன்றும் பம்பு ஓடவேண்டும். புயலடித்து ஊரில் மின்சாரம் அற்ற இரவிலும் பம்பு ஓடவேண்டும். ஓடும் பம்பு பழுதுற்றால் மாற்றுப் பம்பு ஆயத்தமாக நிற்கவேண்டும். அம்மாற்றுப் பம்பு உண்மையில் ஓடுமா என்பதை முன்னரே ஓட்டிப் பார்த்து அறிந்திருத்தல் யார் கடமை? பராமரிப்போர் கடமையே.

நெருப்பின் வரலாறு

வெட்டிய நிலக்கரி மின்சாரமாவது அனல் மின் நிலையத்தில். சோவியத் ருஷியாவின் உதவியோடு கட்டப்பட்ட முதல் நிலையத்தில், 1962-ம் வருஷம் மே மாதம் 50 மெகாவாட் யந்திரம் ஒன்று முதன்முதலாக மின்சாரம் தந்தது. 1970-ல் ஒன்பது யந்திரங்களோடு 600 மெகாவாட் நிலையமாக அது நிறைவெய்தியது.

பழுப்பு நிலக்கரி கையாளுதற்கு எளியதன்று. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். குவித்து வைத்தால் உள்ளே தானே சூடேறித் தீப்பற்றும் குணமும் உடையது. பெல்ட்டைத் தாங்கும் ஆயிரக்கணக்கான உருளைகளுள் ஒன்று இறுகிச் சுழலாது நின்றால், ஓடும் பெல்ட்டு அதன்மேல் உராய்ந்து சூடேற, படிந்த கரித்தூள் கனன்றுவிடும். ஓர் உருளையின் உள்ளிருக்கும் பேரிங்கோ உள்ளங்கையில் அடங்குவது. அதனைக் கவனியாது விட்டதால் நீண்ட பெல்ட்டு முழுவதும் எரிந்து போதல் கூடும்.

கொதிகலத்தின் உள்ளே நெருப்பைச் சூழ்ந்து குழாய்கள் நெருக்கமாக நிற்கும். குழாயின் உள்ளே அழுத்தமிகுந்த நீரும் நீராவியும். வெளியே சுடரும் சாம்பலும். சாம்பல் அராவி அராவிக் குழாய்ச் சுவர் மெலியும். ஒருநாள் ஊசிமுனை அளவு துளை விழும். அத்துளையிலிருந்து பீறிடும் நீராவி அண்டைக் குழாயை அறுக்கும். அஃது அதற்கடுத்ததை அறுக்கும். அநுபவமுள்ளவர் சுவர்ப் பக்கத்தில் நின்று கேட்கும் சீறொலியாலும், கலத்துக்கு வழக்கத்தினும் மிகுதியாக நீர் வேண்டப்படுதலாலும் இதனை முதலிலேயே கண்டுகொள்வர். கண்டவுடன் கலத்தை நிறுத்தி, உள்ளே மனிதர் புகும்படி ஆறவைத்து, கெட்ட குழாயை அறுத்தெடுத்துப் புதுக்குழாய் பற்றவைத்து, நீரழுத்தச் சோதனை செய்து, அதன் பின்னரே மீண்டும் மூட்டவேண்டும். இப்பற்றவைப்பை எல்லோரும் செய்துவிட முடியாது. 1950-ம் வருஷத்து இந்தியக் கொதிகல விதிகளின்படி பரீட்சையில் தேறிச் சான்று பெற்ற வெல்டரே செய்யலாம். கொதிகலங்களைச் சர்க்கார் இன்ஸ்பெக்டர் காலந்தோறும் சோதிக்கவேண்டும் என்பதும் சட்டம். 1923-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் இடத்தை 2025-ல் ஒரு புதிய சட்டம் பெற்றது. சோதனை வேண்டும் என்னும் கொள்கை மாறவில்லை.

முதல் நிலையத்தின் யந்திரங்களுக்கு 1992 முதல் 1999 வரை ஆயுள் நீட்டிப்பு வேலை நடைபெற்றது. அதன் பயனாக அந்நிலையம் 2020-ம் வருஷம் செப்டம்பர் மாதம்வரை உழைத்து, 58 வருஷம் கழித்து ஓய்வு பெற்றது. பேரப்பிள்ளை எடுக்கும் வயதுவரை ஒரு யந்திரம் உழைத்ததெனின், அது செய்தவன் கைத்திறம் மட்டுமன்று. காத்தவன் கைத்திறமும் ஆகும்.

நிறுத்தும் துணிவு

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கருத்தில் வாங்கவேண்டும். யந்திரத்தை ஓடச் செய்வதே இஞ்சினீயர் வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அரைவாசி உண்மை. யந்திரத்தைத் தக்க காலத்தில் நிறுத்துவதே பராமரிப்பு இஞ்சினீயரின் மிக அரிய வேலை.

வடலூர் அடுப்பு அணையாமல் இருப்பதுபோல நெய்வேலியின் மின்சாரமும் அணையாமல் இருக்கவேண்டும். ஆனால் தனித்தனிக் கொதிகலம் ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது அணைந்தேயாக வேண்டும். இரண்டாவது மின் நிலையத்தில் தலைக்கு 210 மெகாவாட் வீதம் ஏழு யூனிட்டுகள் உள்ளன. ஒன்று ஓய்ந்து பழுது பார்க்கப்படும்போது மற்ற ஆறும் எரியும். இவ்வாறு முறைவைத்து ஒவ்வொன்றும் ஓய்வதாலேயே முழு நிலையமும் ஓயாதிருக்கின்றது. ஓய்வு கொடாமல் ஓட்டப்பட்ட யந்திரம், தான் விரும்பிய நாளில், தான் விரும்பிய விதத்தில் ஓய்ந்துவிடும். அவ்வோய்வு மனிதரையும் உடன் கொண்டுபோகும்.

நிறுத்துக என்று சொல்லுவது எளிதன்று. சித்திரை வைகாசி வெயிலில் நாடெங்கும் மின்சாரம் வேண்டுமென்று கேட்கும். மேலிடத்தார் இன்னும் ஒரு வாரம் ஓட்டலாகாதா என்பார்கள். பேரிங்கின் சத்தம் மாறியிருக்கின்றது, குழாய்ச் சுவர் மெலிந்திருக்கின்றது என்று சொல்லும் இஞ்சினீயருக்கு அப்பொழுது துணை, அவர் குறித்து வைத்த அளவுகளும் மனச்சாட்சியுமே. அவர் நிறுத்தியதால் ஒரு விபத்து நேராது போயிற்று என்பதை யாராலும் காட்ட முடியாது. நிறுத்தியதால் உற்பத்தி குறைந்தது என்பதையோ எவரும் கணக்கிட்டுக் காட்டுவர். நேராத தீங்குக்குச் சாட்சி இல்லை. இத்தொழிலின் துக்கம் இதுவே, பெருமையும் இதுவே.

நிறுத்திய பின்னரும் அபாயம் தீர்ந்துவிடவில்லை. நின்ற யந்திரத்தினுள் நீராவி அடங்கியிருக்கலாம். மின்சாரம் திரும்பி வரலாம். சாம்பற் கட்டி மேலே தொங்கலாம். ஆதலின் ஓட்டும் பகுதியாரிடம் பர்மிட்டுச் சீட்டு எழுதி வாங்கி, வால்வையும் சுவிட்சையும் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டி, வேலை முடிந்ததும் உள்ளே ஒருவரும் இல்லையென்று எண்ணிப் பார்த்துச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முறை. அச்சீட்டை வெறுங்காகிதம் என்று எண்ணுவோர் உளர். அது காகிதமன்று; உள்ளே சென்றவன் வீட்டு விளக்கு.

2020-ம் வருஷத்துத் துயரம்

சொல்ல மனம் வாராவிடினும் சொல்லாமல் விடலாகாத செய்தி ஒன்று உண்டு. 2020-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி இரண்டாவது மின் நிலையத்தில் ஆறாவது யூனிட்டின் கொதிகலத்தில் விபத்து நேர்ந்து தொழிலாளர் உயிர் நீத்தனர். இரண்டு மாதம் நிறைவதற்குள், ஜூலை மாதம் 1-ந் தேதி அதே நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் மறுபடியும் விபத்து. அன்றே 6 பேர் மாண்டனர். தீப்புண்பட்டு மருத்துவமனை சேர்ந்தோருள்ளும் பலர் பின்னர் இறந்தனர். இறந்தோருள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர்.

இதனைக் கூறுவது எவரையும் குற்றஞ் சாட்டுதற்கன்று. விசாரிக்கும் அதிகாரம் உடையோர் விசாரிப்பர். நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது வேறொன்று. அவ்விருநாளும் காலையில் தூக்குச் சட்டியில் உணவு கட்டிக்கொடுத்து அனுப்பிய தாய்மாரும் மனைவியரும் இந்த ஜில்லாவின் ஊர்களிலேயே இருந்தனர். வடலூர் நாற்சந்தியில் விடியுமுன் நெய்வேலிக்குப் பஸ் ஏறுவோரை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். அவ்வருஷத்திற்குப் பின் அவர்களைப் பழைய கண்ணால் நம்மாற் பார்க்க முடியவில்லை.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. சுரங்கத்துக்காக நிலமும் வீடும் இழந்த கிராமத்தார் பலர். அவர்தம் மக்களுள் அநேகர் ஒப்பந்தத் தொழிலாளராகவே வருஷக்கணக்கில் உழைத்து, நிரந்தர வேலை வேண்டிக் கிளர்ச்சியும் செய்து வந்திருக்கின்றனர். நெருப்புக்கு மிக அருகில் நிற்பவன் பயிற்சியிலும் பாதுகாப்பிலும் பின்னால் நிற்றல் தகாது. நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கும் நிலத்தைத் தோண்டும் யந்திரத்துக்கும் செய்யும் கவனிப்பில், முந்தியது குறைந்திருத்தல் நீதியன்று.

நம் குடும்பங்களுக்கு ஒரு சொல்

இனி நம்மவர்க்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிப்போம். நம் வீடுகளில் மணப்பேச்சு நடக்குங்கால், பையனுக்கு என்ன உத்தியோகம் என்று பெண் வீட்டார் கேட்பர். பராமரிப்பு இஞ்சினீயர் என்றால், "ஓ, ரிப்பேர் வேலையா?" என்று குரல் சிறிது தாழும். மேஜைமுன் அமர்ந்து கையெழுத்திடுவதே உத்தியோகம், கையிற் கிரீஸ் படுவது கூலிவேலை என்னும் எண்ணம் நம்மிடம் இன்னும் வேரற்றுப் போகவில்லை. பிட்டரும் வெல்டருமாகிய இளைஞர் நிலையோ சொல்லவேண்டுவதில்லை. இந்த எண்ணத்தின் கேடு மணப்பந்தலோடு நில்லாது. மதிப்பில்லாத தொழிலுக்கு மதியுள்ள பிள்ளைகள் வாரார். மதிப்பில்லாதவன் நிறுத்துக என்று சொன்னால் எவரும் செவிகொடார். ஆகவே நாம் வீட்டில் தாழ்த்திப் பேசும் பேச்சு, எங்கோ ஒரு கொதிகலத்தின் அருகில் நிற்கும் மனிதனின் குரலையே தாழ்த்திவிடுகின்றது.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. ஐ.டி.ஐ. சென்று பிட்டர், வெல்டர் தொழில் பயிலும் பிள்ளையையும், கல்லூரி சென்று இஞ்சினீயரிங் பயிலும் பிள்ளையையும் நம் குடும்பங்கள் ஒரே கண்ணாற் பார்த்தல் ஒன்று. அப்பிரெண்டிஸ் பயிற்சியும் கொதிகல வெல்டர் சான்றும் பெற விரும்பும் ஏழைப் பிள்ளைகளுக்கு, கல்லூரிப் படிப்புக்கு உதவுவதுபோலவே சங்கங்கள் உதவுதல் இரண்டு. மூன்றாவது தாய்மார்களுக்கு. வேலையிலிருந்து திரும்பும் பிள்ளையை, இன்று எத்தனை மணிநேரம் ஓவர்டைம் என்று கேட்பதோடு நிற்காமல், இன்று சீட்டு வாங்கித்தான் உள்ளே போனாயா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை கேட்பார். தாய் நாடோறும் கேட்கலாம்.

வடலூரில் அடுப்பு எரிகின்றது. நெய்வேலியிற் கொதிகலம் எரிகின்றது. இரண்டையும் மூட்டியோரை வணங்குவோம். இந்த இரவும் விழித்திருந்து காப்போரை மறவாதிருப்போம். நம் இல்லங்களில் விளக்கு எரியுந்தோறும், அது தானே எரியவில்லை என்னும் நினைவு நம் பிள்ளைகளுக்கு உண்டாகுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.